தில்லைமுனை வன்னியனார் ஆற்றுவாய் திறந்த வைபவம்

விதுர்ஷனின் தகப்பனார் கண்மூடியபோது மகனுக்கு இரண்டு சொத்துகளை விட்டுப் போனார். ஒன்று பழைய மோட்டார் சைக்கிள். மற்றது ஒரு தெய்வ வாக்கு. மோட்டார் சைக்கிள் மழைக்காலத்தில் ஓடாது. வாக்கு மழைக்காலத்தில்தான் ஓடும்.

வாக்கின் கதை இதுதான். விதுர்ஷனின் பூட்டனார், பெரிய வயல்காரரான வீரக்குட்டிப்போடியார் காலத்தில் பெருவெள்ளம் வந்ததாம். வாவி நிரம்பி, மேற்கே படுவான்கரை வயல்களெல்லாம் மூழ்கிவிட்டனவாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலில் விட்டால் வயல் பிழைக்கும். அதைத்தான் அந்தப் பகுதியில் ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். யார் முதலில் வெட்டுவது என்று ஊர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அம்மன் கோயில் சடங்கில் தெய்வமாடிய ஒருவர் பிரம்பை ஓங்கிச் சொன்னாராம்:

"போடியின் குடியில் ஒருவன் வருவான். அவன் கை மண்வெட்டி பட்டு ஆற்றுவாய் திறக்கும். வாவிக்கு அவனே அரசன். இரு கரையும் விளையும்."

சொன்னவர் மயங்கி விழுந்தார். அந்த வருடம் ஆற்றுவாயை உண்மையில் வெட்டியவர்கள் யார் என்பதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வாக்கை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

விதுர்ஷன் தில்லைமுனைச் சந்தியில் ஒரு கைபேசிக் கடையில் வேலை செய்தான். உடைந்த திரைகளுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டுவது அவன் வேலை. ஒட்டும்போது காற்றுக்குமிழி விழுந்துவிட்டால், 'அரசனாக வேண்டியவனின் கை இப்படி நடுங்கலாமா?' என்று தன்னைத்தானே கடிந்துகொள்வான். முகநூலில் அவன் பெயர் 'வாவியரசன் விதுர்ஷ வன்னியன்'. வன்னியன் என்பது அந்தப் பகுதியை முற்காலத்தில் ஆண்ட சிற்றரசர்களின் பட்டம். வாடகைத் தலைப்பாகையோடு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றும் அதில் இருந்தது. பின்னால் தெரிந்த அரண்மனை ராஜஸ்தானில் எங்கேயோ இருப்பது.

இந்தப் படத்தைத்தான் பேரவை கண்டுபிடித்தது.

பேரவையின் முழுப்பெயர் 'வாவி மரபுரிமை மீட்பு மற்றும் நெறிமுறைப் பேணல் பேரவை'. ஒரு தலைவர், நான்கு உபதலைவர்கள், மூன்று போசகர்கள், ஒரு செயலாளர், பல உபகுழுக்கள். பதவியில்லாத உறுப்பினர் ஒருவர் மட்டும் மனக்குறையோடு இருந்தார். அவரைப் 'பதவியற்ற உறுப்பினர்களுக்கான இணைப்பாளர்' ஆக்கியதும் அந்தக் குறையும் தீர்ந்தது.

ஆற்றுவாய் வெட்டும் அதிகாரம் பேரவையிடம் வந்தது ஒரு தனிக்கதை. முந்தி வெட்டினால் இறால் கடலுக்குப் போய்விட்டதென்று மீனவர்கள் ஏசுவார்கள். பிந்தி வெட்டினால் நெல் அழுகிவிட்டதென்று விவசாயிகள் ஏசுவார்கள். ஏச்சு வாங்கிக் களைத்துப்போன அரசாங்கக் கந்தோர் அதிகாரிகளிடம், "மரபுப்படி நாங்கள் தீர்மானிக்கிறோம்" என்று பேரவை கேட்டபோது அவர்கள் மறுவார்த்தை பேசாமல் கைகொடுத்தார்கள். கொடுத்த கையை அன்று மாலையே கழுவினார்கள் என்றும் சொல்வார்கள்.

பேரவைத் தலைவர் கலாநிதி அரியகுட்டி. எந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைத் தந்தது என்று கேட்டால், "மூன்று" என்பார். அவர் பரிவாரத்தோடு விதுர்ஷனின் வீட்டுக்கு வந்தபோது வெளியே மழை தொடங்கியிருந்தது. செயலாளர் றொனால்ட் ஒரு பெரிய பதாகையைச் சுருள் விரித்துச் சுவரில் பிடித்தார். மட்டக்களப்பில் அச்சிட்டுக்கொண்டு வந்தது. உச்சியில் வீரக்குட்டிப்போடியார். படம் கிடைக்காததால் மீசை மட்டும் வரைந்திருந்தார்கள். அவருக்குக் கீழே மகன், அவருக்குக் கீழே பேரன், அடியில் ராஜஸ்தான் அரண்மனையோடு விதுர்ஷன்.

"தம்பி, நீங்கள் இனித் தம்பி அல்ல," என்றார் அரியகுட்டி. "நூறு ஆண்டு காத்திருந்த வாவி இன்று தன் வாரிசைக் கண்டுகொண்டது. ஆற்றுவாயில் முதல் வெட்டு உங்களுடையது. அடுத்த வெட்டுகளைப் பெக்கோ இயந்திரம் பார்த்துக்கொள்ளும்."

விதுர்ஷனுக்குக் காது சிவந்தது. கடையில் அவனைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டான்.

அவனுடைய தாய் இன்பவதி தேத்தண்ணீரோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டுப் பதாகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நல்ல விசயம்தான் ஐயா," என்றாள். "ஆனா வாக்கில போடியார்ர குடியில எண்டுதானே இருக்கி? இவன் எங்கட சாளம்பன் குடியெல்லா?"

தேத்தண்ணீர்க் கோப்பைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன.

அந்தக் கரையில் குடி என்பது தாய்வழிக் குலம். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயிலில் மடை வைப்பதும் மரியாதை பெறுவதும் எந்த வரிசையில் நிற்பதும் அதன்படிதான். இது நடக்கப் பழகாத பிள்ளைக்கும் தெரியும். பேரவையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'அரசன்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தவர்கள் சினிமா அரசர்கள். அவர்கள் எல்லோரும் தகப்பனுக்குப் பின் மகன். அந்தக் கணக்கில் பதாகையும் அடித்தாயிற்று.

போடியார் முடிகொண்டான் குடி. முறைப்படி அவருடைய சகோதரியின் பெண்வழியில் தேடிப் போனால், அந்தக் குடியில் மிஞ்சியிருந்த ஒரே ஆண்பிள்ளை கனடாவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். றொனால்ட் அவருக்கு வாட்ஸ்அப்பில் அரச பதவியை அறிவித்தார். பதில் குரல் செய்தியாக வந்தது: "ஐயா, இஞ்ச வாசல்ல பனி வெட்டவே என்ர கை காணாது. ஆத்துவாய நீங்களே வெட்டுங்க."

"வாரிசு பதவி துறந்தார்" என்று பேரவை பதிந்துகொண்டது. பதாகையைத் துறப்பது பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது.

உபகுழு யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் மழை யோசிக்கவில்லை. வாவி ஏறியது. மணல்மேட்டில் பெக்கோ ஒன்று வந்து நின்றது. ஓட்டுபவர் காத்தான்குடி மின்ஹாஜ். பேரவையினர் பெக்கோவின் இரு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள். அதன் வாளிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். இயந்திரத்தை இயக்க மட்டும் விடவில்லை.

"தம்பி, நான் எத்தினையோ ஊருல மண் வெட்டியிருக்கன்," என்றார் மின்ஹாஜ், பார்க்க வந்த விதுர்ஷனிடம். "வெட்டவேணாம், சும்மா நில்லுங்க எண்டு என்னைப் புடிச்சி வெச்ச முதல் ஆக்கள் நீங்கதான். வாழமரத்த எப்ப கழட்டுறது? கொல தள்ளினாப் பொறகா?"

விதுர்ஷன் சிரிக்க முயன்றான். அரசன் பெக்கோக்காரரோடு சிரிக்கலாமா என்ற ஐயத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் சீனித்தம்பி தோணியில் வந்தார். அவர் இன்பவதியின் தமையன். வெல்லாவெளிப் பக்கம், வாவிக்கு அப்பால், ஒரு வட்டையில் அவருக்கு வயல். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கூட்டம். விதுர்ஷனின் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் அரிசி முடிந்ததாக ஒருநாளும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் தெய்வ வாக்கு அல்ல.

சீனித்தம்பி கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"மருமகன், நெல்லு குடலையில நிக்கிது. கதிர் இன்னும் வயித்துக்குள்ள. இப்ப தண்ணி மூடினா புள்ளத்தாச்சிய ஆத்துக்குள்ள தள்ளின மாதிரி. பக்கத்து வரம்பெல்லாம் மறைஞ்சி போச்சி. எங்கட பள்ளத்துல பயிர்ர நுனி மட்டும் தெரியிது. ஆத்துவாய வெட்டினா ஒரு பகல்ல வடிஞ்சிரும். பெரியாக்களிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாங்க எண்டு எங்கட ஆக்கள் என்ன அனுப்பினவங்க."

'நீங்க சொன்னாக் கேப்பாங்க' என்பது விதுர்ஷனின் காதில் இனித்தது. அந்த இனிப்பிலேயே அவன் வாயிலிருந்து அரியகுட்டியின் குரல் வந்தது.

"மாமா, அதுக்கெண்டு ஒரு நெறிமுறை இருக்கி. உபகுழு கூடவேணும். அவசரப்பட்டு வெட்டினா வாக்குப் பொய்ச்சிரும்."

"வாக்கு எத்தின வருசமா இருக்கி மனே?"

"நூறு இருக்கும்."

"அப்ப அது இன்னும் ரெண்டு மாசம் இருக்கும். நெல்லு இருக்காது."

விதுர்ஷன் எழுந்தான். கைபேசியை எடுத்து, யாரோ அழைத்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஒருவரும் அழைக்கவில்லை. வேலியோரம் நின்று, "ஓம் ஐயா, சரி ஐயா" என்று வெறுங்காற்றோடு பேசினான். திரும்பி வந்தபோது கதிரை காலியாக இருந்தது. தாய் அவனைப் பார்க்காமல் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உபகுழு தன் கண்டுபிடிப்போடு வந்தது. பிள்ளையின் குடி தாயின் குடி. ஆகவே பிள்ளையைத் திருத்தத் தேவையில்லை. தாயைத் திருத்தினால் போதும்.

"மிக எளிமையான சடங்கு," என்றார் அரியகுட்டி. "அம்மா மேடையேறி, தான் முடிகொண்டான் குடி என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. மிகுதியைப் பேரவை கைதட்டி நிறைவேற்றும்."

"இப்பிடி முந்தி எங்கயும் நடந்திருக்கா ஐயா?" என்று விதுர்ஷன் கேட்டான்.

"நடந்திராவிட்டால் என்ன? நாம் செய்து முடித்த பிறகு நடந்ததாகிவிடும். மரபு என்பது அப்படித்தான் தோன்றுகிறது. வேறெப்படித் தோன்றும் என்று நினைத்தீர்கள்?"

தாயிடம் அதைச் சொல்ல அவனுக்கு ஒரு பகல் தேவைப்பட்டது. அடுப்படி வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

இன்பவதி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மறுகா எங்கட கோயில்ல நான் எந்தக் குடியோட போய் நிக்கிற மனே? என்ர அம்மா நிண்ட இடத்தில நிக்க ஏலுமா?"

"ஒரு வசனம்தானம்மா. சும்மா பேச்சுக்கு."

"பேச்சுக்கெண்டா நீயே சொல்லன்."

கறி கொதித்து மூடி ஆடியது. இன்பவதி மூடியைத் திறந்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"நான் அதச் சொன்னா ஆத்துவாய வெட்டுவாங்களா?"

"உடன வெட்டுவாங்க."

"அண்ணன்ர நெல்லு மிஞ்சுமா?"

"மிஞ்சும்."

"அப்பச் சொல்லுறன்," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். தாய் ஒப்புக்கொண்டது தமையனின் வயலுக்காக. தான் கேட்டது தலைப்பாகைக்காக. இந்த வித்தியாசம் முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அவன் திரும்பிப் போகவில்லை.

பலநோக்கு மண்டபத்தில் குடிமாற்ற வைபவம் மங்கல விளக்கேற்றலோடு தொடங்கியது. வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை, வரவேற்புரைக்கான நன்றியுரை எல்லாம் நடந்தன. ஒவ்வொரு உரையின் போதும் ஓட்டுக்கூரையில் மழை இன்னும் பலமாகக் கொட்டியது. உரையாற்றியவர்கள் அதைக் கைதட்டல் என்று நினைத்து உரையை நீட்டினார்கள். கடைசியாக இன்பவதியை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார்கள். அரியகுட்டி சொல்லிக்கொடுக்க அவள் சொல்லவேண்டும்.

"பிறப்பால் சாளம்பன் குடியைச் சேர்ந்த நான்..."

"பிறப்பால் சாளம்பன் குடியைச் சேர்ந்த நான்..."

"இன்று முதலும், இதற்கு முன்னரும்..."

"முன்னரும் எண்டா?" என்று இன்பவதி கேட்டாள். ஒலிவாங்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பின்னோக்கிய செயற்பாடு, அம்மா. நீங்கள் பிறந்தபோதே என்று பொருள்."

"அப்ப என்னைப் பெத்தவவும் முடிகொண்டான் குடியா?"

அரியகுட்டி உபகுழுவைப் பார்த்தார். உபகுழு கூரையைப் பார்த்தது.

"அது பரிசீலனையில் உள்ளது," என்றார் அவர். "தொடருங்கள். முடிகொண்டான் குடியில் பிறந்தவள் என்று ஏற்றுக்கொள்கிறேன்."

இன்பவதி மேடையில் இருந்த மகனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முன்வரிசையைப் பார்த்து, யாருக்கோ விலாசம் சொல்வதுபோல அந்த வசனத்தைச் சொல்லி முடித்தாள். மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த சாளம்பன் குடிப் பெண்கள் சிலர் எழுந்து, குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

இன்பவதி மேடையை விட்டு இறங்கவில்லை. "இப்ப வெட்டலாந்தானே ஐயா?" என்றாள்.

"ஆகா, தாராளமாக," என்று அரியகுட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை முற்பகல் நல்ல வேளை இருக்கிறது. பிரதம விருந்தினரும் அன்றுதான் கொழும்பிலிருந்து வருகிறார்."

அன்று செவ்வாய்க்கிழமை.

இன்பவதி மகனை ஒருமுறை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பான். கடையில் சாமான் வாங்கிவிட்டு, ஏமாந்ததை வீட்டுக்கு வந்து அறிந்தவர் பார்க்கும் பார்வை அது. அவன் எழுந்து, "ஐயா, நாளைக்கே வெட்டுவம்" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் றொனால்ட் வந்து தலைப்பாகைக்கு அளவெடுக்க அவன் தலையைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். அளவெடுக்கும்போது பேசினால் அளவு பிழைக்கும் என்றார். விதுர்ஷன் வாயை மூடிக்கொண்டான்.

புதன்கிழமை விடியும்போது ஆற்றுவாய் திறந்திருந்தது.

படுவான்கரை ஆட்கள் தோணிகளில் வந்து வெட்டியிருந்தார்கள். யாரும் விளக்கேற்றவில்லை. பத்துப் பதினைந்து மண்வெட்டிகள் ஒரு சாண் கால்வாய் இழுத்துவிட்டன. மிகுதியை வாவி தானே பார்த்துக்கொண்டது. ஊர் எழும்பி வந்து பார்த்தபோது மேடு பிளந்து, கலங்கல் தண்ணீர் இரைச்சலோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெக்கோ வாழைமரங்களோடு ஓரமாக நின்றது. "நான் ஒண்டும் தொடல்ல," என்று மின்ஹாஜ் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். "லைற்ற மட்டும் போட்டுக் குடுத்தன். இருட்டுக்குள்ள மனுசன் கால வெட்டிக்கக்கூடாதே."

தண்ணீர் அன்று பின்னேரமே வடிந்தது. மேட்டு வயல்கள் தப்பின. சீனித்தம்பியின் வட்டை பள்ளத்தில் இருந்தது. சேறு பூசிய பயிர் எழும்பவில்லை. ஒரு நாள் முந்தி வெட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று சொன்னார்கள். அதை விதுர்ஷனுக்குச் சொன்னது கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர். தான் சொல்வது யாரிடம் என்பது அவருக்குத் தெரியாது. விதுர்ஷன் அவருடைய திரைக்குக் கண்ணாடியைக் கோணலாக ஒட்டினான். பிய்த்து மறுபடி ஒட்டினான். அதுவும் கோணலாகத்தான் போனது.

பேரவை அவசரமாகக் கூடியது. விதுர்ஷனையும் அழைத்திருந்தார்கள். அவனுக்கென்று உயரமான ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கால் நிலத்தில் முட்டவில்லை.

"நடந்தது வருந்தத்தக்கது," என்று அரியகுட்டி தொடங்கினார். "முன்னறிவித்தல் இல்லை. தலைமையுரை இல்லை. ஒரு நன்றியுரைகூட இல்லாமல் ஓர் ஆற்றுவாயைத் திறந்திருக்கிறார்கள். இப்படியே போனால் நாளை மக்கள் தங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்வார்கள். பிறகு நாங்கள் எதற்கு?"

"எதற்கு?" என்று உபதலைவர்கள் கவலையோடு கேட்டார்கள்.

"நெல் அடுத்த போகமும் விளையும். வெள்ளம் அடுத்த வருடமும் வரும். ஆனால் பிரதம விருந்தினர் ஒருமுறை வராவிட்டால் பிறகு வரவே மாட்டார். எனவே எனது தீர்ப்பு இது. நெறிமுறைப்படி திறக்கப்படாத ஆற்றுவாய், நெறிமுறையின் கண்ணில் இன்னும் மூடியே இருக்கிறது."

"அதுக்குள்ளால தண்ணி ஓடுதே ஐயா," என்றான் விதுர்ஷன். உயரமான கதிரையில் இருந்து அவன் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

"ஓடட்டும் வன்னியனாரே. அது அனுமதியில்லாத ஓட்டம்."

திறந்த வாய்க்குப் பக்கத்திலேயே பெக்கோவால் ஒரு பள்ளம் தோண்டி, அதைச் சிறு மணலணையால் அடைத்து, வெள்ளிக்கிழமை நல்லவேளையில் வன்னியனார் அதை வெட்டித் திறப்பார் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. விதுர்ஷனும் எதிர்க்கவில்லை. கதிரையிலிருந்து இறங்கினால் குதித்து இறங்கவேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் குதிப்பது என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. மணலில் பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கி. விதுர்ஷனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். அளவெடுத்தும் அது கண்ணுக்கு இறங்கியது. கையில் வெள்ளி மண்வெட்டி கொடுத்தார்கள். தகரத்தில் செய்து வெள்ளிப் பூச்சு அடித்தது. இன்பவதியை முன்வரிசையில் 'இராசமாதா' என்று எழுதிய கதிரையில் இருத்தினார்கள். அவள் அந்த எழுத்தின்மேல் சாய்ந்துகொள்ளாமல் முன்னுக்கே இருந்தாள்.

அப்போது சீனித்தம்பி வருவது தெரிந்தது.

வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் வெற்றிலைத் தட்டு. நகங்களுக்குள் வயல்சேறு இன்னும் போகவில்லை. மருமகனுக்கு ஒரு நல்ல காரியம் என்றால் தாய்மாமன் தட்டோடு வந்து முன்னுக்கு நிற்கவேண்டும். வயல் போனவர் என்பதற்காக அந்த முறையை அவர் விடவில்லை. விதுர்ஷன் தலைப்பாகைக்குக் கீழே வியர்த்தான். 'திட்டுவதற்கு வந்திருந்தால் எவ்வளவு நல்லது' என்று நினைத்தான்.

சீனித்தம்பி தட்டை நீட்ட, றொனால்ட் அவரைத் தடுத்தார். அரியகுட்டியின் காதில் ஏதோ ஓதினார். அரியகுட்டி ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஒரு முக்கிய அறிவித்தல். வன்னியனாரின் தாயார் குடி மாறிய காரணத்தால், பெரியவர் சீனித்தம்பி அவர்கள் செவ்வாய்க்கிழமை முதலும் அதற்கு முன்னரும் வன்னியனாரின் தாய்மாமன் அல்லர் என்பதைப் பேரவை மகிழ்ச்சியோடு அறியத்தருகிறது. எனினும் அவர் பொதுமக்கள் பகுதியில் அமர்ந்து விழாவைக் கண்டுகளிக்கலாம்."

இரு கரைக்கும் கேட்டது. கடற்காற்றில் எதிரொலி வேறு வந்தது. சீனித்தம்பி தட்டைப் பிடித்தபடி தங்கச்சியைப் பார்த்தார். இன்பவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விதுர்ஷன் பாய்ந்து ஒலிவாங்கியைப் பறித்தான். "அது பிழை," என்றான். "அவர் என்ர மாமாதான். ஆத்துவாய வெட்டினதும் அவங்கதான். அவங்க வெட்டக்குள்ள நான் வீட்ட படுத்துக் கிடந்தன். எங்கட அம்மா சொன்னத நான் திருப்பி எடுக்கிறன்..."

ஆனால் 'அவர்' என்ற சொல்லோடேயே றொனால்ட் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டிருந்தார். முன்வரிசைக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் வன்னியனார் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"திருப்பி எடுப்பதற்கும் முறை இருக்கிறது," என்று அரியகுட்டி மெதுவாகச் சொன்னார். "தாயாரின் பழைய குடி கூடி ஒப்புதல் தரவேண்டும். அந்தக் குடியில் அவருக்காகப் பேச உரிமையுள்ளவர் அவருடைய தமையன். ஆனால் சீனித்தம்பிதான் இப்போது தாயாருக்குத் தமையனே இல்லையே. நல்ல வேளை கடந்துபோகிறது, வெட்டுங்கள்."

விதுர்ஷன் முன்வரிசைக்குப் போனான். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. அண்டைக்குச் சொன்னது பொய்யெண்டு சொல்லுங்க."

இன்பவதி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"நெல்லுக்காகச் சொன்னன் மனே," என்றாள். "நெல்லும் போச்சி. இனி எதச் சொல்லி எத எடுக்க? நீ போய் அவங்கட வேலய முடி. வெயிலுக்குள்ள சனம் நிக்கிது."

அவன் பள்ளத்துக்கு இறங்கினான். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. மண்வெட்டியை ஓங்கி அணையில் போட்டான். தகரம் மடிந்து, தலைகுனிந்தது. மின்ஹாஜ் பெக்கோவிலிருந்து எட்டிப் பார்த்தார். "தள்ளி நில்லுங்க தம்பி" என்று சொல்லி, சந்தனப் பொட்டு வைத்த வாளியால் அணையை ஒரு தட்டுத் தட்டினார். அணை இடிந்தது. ஒலிபெருக்கி மறுபடி உயிர்பெற்றது. "திறந்தது! வாக்குப் பலித்தது!" என்று அரியகுட்டி கத்தினார். அது கடல் பெருகும் நேரம். தண்ணீர் வாவியிலிருந்து கடலுக்குப் போகாமல் கடலிலிருந்து உள்ளே ஏறியது. இது வாக்கில் சொல்லப்படாத விடயம் என்பதால் பேரவை அதைக் கவனிக்கவில்லை. பிரதம விருந்தினர் படம் எடுத்துக்கொண்டார்.

உப்புத்தண்ணீர் விதுர்ஷனின் கணுக்காலைச் சுற்றி ஏறியது. தலைப்பாகை மூக்குக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட ஒரு கையும், மடிந்த மண்வெட்டியைப் பிடிக்க மற்றக் கையும் வேண்டியிருந்ததால் கரையேறப் பிடிமானம் இல்லாமல் நின்றான். மேலே கதிரைகளில் கைதட்டல் தொடர்ந்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை.

சீனித்தம்பி வெற்றிலைத் தட்டை மணலில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்து, கையை நீட்டினார்.

"கரை வழுக்குது மருமகன்," என்றார். "என்ர கையப் புடிச்சிக்கிட்டு ஏறுங்க."

விதுர்ஷன் அந்தக் கையையும் நகங்களுக்குள் இருந்த வயல்சேற்றையும் பார்த்தான். அதைப் பிடிக்காமல், இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே நின்றான்.